கட்டம் இல்லாத இடம்

“மேடம், இந்தப் பயம் எப்போ போகும்?” என்று கேட்டார் தணிகாசலம்.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் டிசைன் கற்றுக்கொள்ள வந்திருந்தார். குரு ஜெனிட்டாவுக்கு அவருடைய மகள் வயதுதான்.

ஒரகடத்தில் கொரியன் கம்பெனிகளின் போர்டு வேலை எல்லாம் ஜெனிட்டாவின் கடைக்குத்தான் வரும். இருவருக்கும் கொரியனில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பிழைப்பு அப்படித்தான் ஓடுகிறது.

“எனக்கு வந்த புதுசுலயே போயிடுச்சு சார்.”

“எப்படி?”

“ஃபாண்ட் சரியில்லன்னா எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வரும். ஃபாண்டை மாத்துங்க. கட்டம் போச்சுன்னா பயமும் போச்சு.”

மாற்றினார். கட்டங்கள் போயின. பயம் போகவில்லை.

அன்று அவர் செய்துகொண்டிருந்தது, தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினில் மாட்டும் எச்சரிக்கைப் பலகை. உள்ளே கை விடும் முன் எதை எதை நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறதாம். அதைப் படிக்கப்போகும் கொரியன் டெக்னீஷியன்கள் அன்று மதிய ஷிஃப்டில் சேர்கிறார்கள்.

“நீங்களும் ஒரு தடவை பார்த்துடுங்களேன் மேடம்.”

“பார்த்தாச்சு சார்.”

“இன்னொரு தடவை? யாரோட கையோ...”

ஜெனிட்டாவுக்கு எரிச்சல் வந்தது.

“சரி. இதுல ஒரு தப்பு இருக்கு. கண்டுபிடிங்க.”

சொல்லிவிட்டு சாப்பிடப் போனாள். சும்மாதான் சொன்னாள். மனுஷன் கொஞ்ச நேரம் நச்சரிக்காமல் இருக்கட்டும் என்று.

தணிகாசலம் கம்பெனி அனுப்பிய தாளை ஒரு பக்கம் வைத்தார், தான் அச்செடுத்த தாளை இன்னொரு பக்கம். கல்யாண குரூப் போட்டோவில் சொந்தக்காரரைத் தேடுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக்கொண்டே போனார்.

அவள் திரும்பி வந்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது.

“கடைசி வரி மேடம். இங்க ஒரு எழுத்து இருக்கு பாருங்க. நம்மளதுல இல்ல.”

“இல்லன்னா கட்டம் வந்திருக்கணுமே?”

“வரல. காலியா விட்டிருக்கு. ரெண்டு வார்த்தைக்கு நடுவுல இடம் விட்ட மாதிரி.”

ஜெனிட்டா திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். காலிதான். வேறு ஃபாண்ட் போட்டாள். எழுத்து வந்து உட்கார்ந்தது.

தணிகாசலத்துக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. “நீங்க சொல்லலன்னா விட்டிருப்பேன். எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?”

அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிஃப்ட் தொடங்கியிருந்தது.

மேஜை முழுக்க வண்டிச் சாவியைத் தேடினாள். சாவி அவள் கையிலேயே இருந்தது.

“எங்க மேடம்?”

“கம்பெனிக்கு. போனைப் போடுங்க சார். இது மாட்டப்போற மெஷினுக்குப் பக்கத்து மெஷினை ஓட்ட வேணாம்னு சொல்லுங்க. போன வாரம் இதே ஃபாண்ட்ல நான் போட்ட போர்டு அதுல தொங்குது.”

“அதை யாரு மேடம் சரிபார்த்தது?”

“கட்டம் வரல சார்,” என்றாள் ஜெனிட்டா. “நான் பார்க்கவே இல்ல.”