வாய் நிறையத் தண்ணீர்

"மூன்று வருடம் உட்கார்ந்து எழுதினேன். ஒரு பிழை கிடையாது. என் மகள் இடது பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏன்?" என்றான் நோயல்.

சபெத் பேருந்தின் முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

நோயலின் கையிலிருந்தது அவன் எழுதிய குழந்தைக் கதைப் புத்தகம். இடது பக்கம் அவர்களுடைய பழங்குடி மொழியான மிக்மாக். வலது பக்கம் அதே கதை ஆங்கிலத்தில்.

கனடாவின் கிழக்குக் கரையில், அந்த ஏரியோரக் குடியிருப்பில், மிக்மாக் பேசும் குழந்தைகள் வருடா வருடம் குறைந்துகொண்டிருந்தார்கள். நோயல் வீட்டில் அவனோடு அந்த மொழியில் பேச அண்ணன் இருந்தார். போன குளிர்காலத்தில் அவரும் இறந்துவிட்டார். மிச்சம் ஏழு வயது மகள் மாலி. அப்பா மிக்மாக்கில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அல்லது சும்மா இருப்பாள்.

சபெத்துக்கு முப்பது வயதுகூட இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஆனால் அவள் பேருந்தில் பிள்ளைகள் மிக்மாக்கில்தான் சண்டை போடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால்தான் ஐம்பது வயது நோயல் அவளைத் தேடி வந்து பனியில் நின்றான்.

"நீ எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாய்?"

"நான் பேருந்து ஓட்டுகிறேன்."

"விளையாடாதே."

சபெத் புத்தகத்தை வாங்கி, அட்டையிலிருந்த கரடியைத் தட்டினாள். "நல்ல ஜகெஜ். கொழுகொழுவென்று இருக்கிறது."

"ஜகெஜ் என்றால் சிங்கி இறால்! இது கரடி. முயின்."

"அப்படியா," என்றாள் சபெத். புத்தகத்தைத் தன் இருக்கையில் வைத்தாள். "சாயங்காலம் மாலியோடு என் பேருந்தில் வாருங்கள். காரை வீட்டில் விட்டுவிடுங்கள்."

மாலை. பெரிய வகுப்புகளுக்கு மணி அடிக்கும்வரை பேருந்து பள்ளி வாசலில் கால் மணி நேரம் நிற்கும். சின்னப் பிள்ளைகள் உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மாலி ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டாள்.

சபெத் நோயலிடம் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"வாய் நிறைய ஊற்றிக்கொள்ளுங்கள். விழுங்கக் கூடாது. துப்பக் கூடாது. கதை முடியட்டும்."

"எதற்கு?"

"ஊற்றிக்கொள்ளுங்கள்."

ஏதாவது சடங்கா? அவன் கேள்விப்பட்டதில்லை. ஊற்றிக்கொண்டான்.

சபெத் அவன் புத்தகத்தைப் பிரித்து, கரடிப் படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினாள். மிக்மாக்கில் தொடங்கினாள்.

"ஒரு நாள் இந்த ஜகெஜ் ஏரியைத் தாண்டப் புறப்பட்டது."

காலையில்தானே சொன்னோம்! நோயலின் கன்னங்கள் துடித்தன.

"மொக்வா!" என்று பேருந்தே கத்தியது. இல்லையாம். "முயின்! முயின்!"

"இவர்தான் எழுதியவர். இவரையே கேளுங்கள்," என்றாள் சபெத்.

எல்லாக் கண்களும் நோயல்மேல். மாலியின் கண்களும். அவன் கன்னம் உப்பியபடி கையை விரித்தான்.

"அவருக்கே தெரியவில்லை," என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன். சிரிப்பு.

"ஜகெஜ்தான்," என்றாள் சபெத். "நான் பெரியவள். எனக்குத் தெரியாதா?"

"மொக்வா! உனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும்!"

அப்போது ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்.

"ப்லமு."

ப்லமு என்றால் சால்மன் மீன்.

நோயல் பாதி எழுந்துவிட்டான். வீட்டில் எப்போதும் திருத்துவதுபோல் தொண்டைவரை வந்துவிட்டது, மீன் இல்லை மாலி, கரடி என்று. தண்ணீர் ஒரு சொட்டு தாடியில் வழிந்தது. சபெத் அவனைப் பார்க்கவே இல்லை.

"மீனா? காது இருக்கிறதே," என்றாள்.

"மொக்வா! ப்லமு!" மாலி இருக்கையில் ஏறி நின்றாள். "ப்லமு! ப்லமு!"

"முயின்!" என்றது பேருந்து.

மணி அடித்தது. கதை ஏரியைத் தாண்டவே இல்லை.

இதுவா? இதற்கா மூன்று வருடம்? ஒரு வரிகூட அவன் எழுதியபடி படிக்கப்படவில்லை. தலைக்குள் எல்லாம் கலங்கிப் போய் அவன் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு வந்தான். இன்னும் தண்ணீரோடிருந்த வாய் வலித்தது.

அவர்கள் இறங்கும் இடம் வந்தது. மாலி முதலில் குதித்தாள். பக்கத்து வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது.

"ஜகெஜ்!" என்று அதைக் கூப்பிட்டாள் மாலி. திரும்பி அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கதை முடிந்தது," என்றாள் சபெத் ஓட்டுநர் இருக்கையிலிருந்து. "இனித் துப்பலாம்."

நோயல் அவசரமாகத் தலையை ஆட்டினான், மாட்டேன் என்று.