பின்ரூம் சுவர்

தவமணி அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடர் பிச்சாண்டி வந்து எதிரே தொப்பென்று உட்கார்ந்தார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. குருவான அம்மாளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

பிச்சாண்டி வணங்கக்கூட இல்லை.

"இந்த ஊர்ல ஒரு புரோக்கர்கூட சரியில்லம்மா."

பிச்சாண்டியின் வீடு மூன்றாவது மாடியில். லிப்ட் கிடையாது. மனைவி செங்கமலம் படியில் விழுந்ததிலிருந்து ஐந்து மாதமாகக் கீழே இறங்கவில்லை. அந்த வீட்டை விற்றுத் தரைத்தளத்தில் ஒன்று வாங்க வேண்டும். மழைக்கு முன்னால் முடித்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

"இப்ப யாரு புரோக்கர்?"

"முனிரத்தினம்னு ஒருத்தன். நாலாவது ஆள். அவனையும் நேத்து வராதேன்னுட்டேன்."

"ஏன்?"

"பாக்க வந்தவங்களுக்கு வீடு பிடிச்சுப்போச்சு. பேசி முடிக்கற நேரத்துல இவன் வாயைத் திறந்து, மழை பெஞ்சா பின்ரூம் சுவர்ல ஓதம் ஏறும்னு சொல்றான். வந்தவங்க யோசிச்சுச் சொல்றோம்னு போயிட்டாங்க. நான் வெச்ச ஆளும்மா!"

"ஓதம் ஏறுமா?"

"கொஞ்சம் ஏறும். பெயிண்ட் அடிச்சுட்டேன்."

அம்மாள் அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தார்.

"இன்னிக்குக் காலையில ஒரு வீடு பாத்தேன். தரைத்தளம். செங்கமலத்துக்கு ரொம்ப வசதி. ஆனா உள்ள போனா புதுப் பெயிண்ட் வாசனை. மழையில சுவர் எப்படின்னு கேட்டேன். கண்ணை மூடிட்டு வாங்குங்க சார்ங்கறான் அவங்க புரோக்கர். எப்படிம்மா வாங்கறது? இருக்கறதை இருக்கறபடி சொல்ற ஒரே ஒரு ஆள் போதும். எங்க போய்த் தேடறது?"

அம்மாள் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"பிச்சாண்டி, நீங்க பேசறது உங்க காதுல விழுதா?"



"முனிரத்தினமா?" என்றார் பிச்சாண்டி மெதுவாக.

"போன் போடுங்க."

"நேத்துதான் கண்டபடி பேசிட்டேன்."

"செங்கமலம் இன்னும் எத்தனை நாள் ஜன்னல் வழியாவே தெருவைப் பாக்கணும்? போடுங்கன்னா போடுங்க."

போட்டார். அம்மாள் கையை நீட்டி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"முனிரத்தினம், நான் பிச்சாண்டி. நேத்து பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. ஒரு வீடு வாங்கலாம்னு இருக்கேன். நீங்க வந்து பாத்து, எதையும் மறைக்காம சொல்லணும்."

மறுமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"வர்றேன் சார். சுவரெல்லாம் தட்டிப் பாத்துட்டு உள்ளதைச் சொல்றேன். உங்க வீட்டை விக்கறதுக்கும் நான்தானா?"

"நீங்கதான்."

"அங்க நான் என்ன சார் சொல்லணும்?"

பிச்சாண்டி நிமிர்ந்து அம்மாளைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றார் அம்மாள். "அவர் கேக்கறது உங்களை."