பின்கழுத்துப் பூட்டு

"ஆசான், என் ஆட்கள் ஆறு பேர் செத்துட்டாங்க. கொன்னது யாருன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் நெடுங்கோ.

அங்கவை தலையணி ஒன்றின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

நெடுங்கோ புரட்சிப் படையின் தளபதி. கூட்டரசை எதிர்த்து, காற்றே இல்லாத ஒரு பாறைக்கோளைக் குடைந்து, அதற்குள் பதினெட்டு வருடமாகப் படை நடத்துகிறவர். வயது ஐம்பத்தெட்டு. அங்கவை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனால் அங்கே சுரங்கம் இருந்த காலத்தில் அந்தப் பாறையிலேயே பிறந்தவர். வெளியே போவதற்கான உடுப்பை எப்படி மாட்டுவது என்று படை மொத்தத்துக்கும் சொல்லிக்கொடுத்தவர். அதனால் தளபதிக்கும் ஆசான்தான். கேள்வியோடு போனால் பதில் கிடைக்காது, வேலைதான் கிடைக்கும் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு.

"செத்தவங்க ஆறு பேரும் என் பக்கம். கீரன் பக்கத்துல ஒருத்தரும் சாகலை. இதுக்கு என்ன அர்த்தம்?"

படை இரண்டாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கூட்டரசோடு பேசிப் பார்க்கலாம் என்றார் துணைத்தளபதி கீரன். பேச்சுக்கே இடமில்லை என்றார் நெடுங்கோ. அவ்வளவுதான். ஒரே பானைச் சோறு தின்றவர்கள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நெடுங்கோவின் ஆட்கள் தங்கள் உடுப்புகளைப் பொது உடுப்பறையிலிருந்து அள்ளிக்கொண்டு போய்த் தனியே வைத்துக்கொண்டார்கள். எதிரி வெளியே காத்திருக்க, இவர்கள் உள்ளே கோடு கிழித்துக்கொண்டிருந்த கூத்தை என்னவென்று சொல்வது.

ஆறு பேரும் வெளிக்காவலில் செத்தார்கள் என்றார் நெடுங்கோ. ஆறு பேருக்கும் பின்கழுத்துப் பூட்டு பாதி திறந்திருந்ததாம்.

தலையணியும் காற்றுக்குழாயும் சேரும் இடம் அது. அந்தப் பூட்டுக்குத் தன் கை எட்டாது. இன்னொருவர்தான் பூட்டவேண்டும். பூட்டியவர் தோளில் இரண்டு தட்டு தட்டுவார். உன் மூச்சுக்கு நான் பொறுப்பு என்று அதற்குப் பொருள். படையில் வேறு எந்தச் சத்தியமும் வாங்குவதில்லை.

"பொழிலன்தான்னு நினைச்சேன்" என்றார் நெடுங்கோ.

"உங்க பூட்டைப் பதினெட்டு வருஷமா பூட்டினவரா?"

"அவன்தான். கீரன் சொல்றதுதான் சரின்னு என் முகத்துக்கு நேராவே சொன்னான். சொல்லிட்டு, எப்பவும்போல பின்னால வந்து பூட்டினான். மனசு அங்க, கை இங்க. நான் எதை நம்புறது?"

அங்கவை துணியை மடித்து, கண்ணாடியின் மறுபுறத்தைத் துடைத்தார்.

எட்டு நாளைக்கு முன் பொழிலனை உடுப்பில்லாமல் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். நெடுங்கோவே முன்னால் நின்றார். அன்று முழுக்க அவரால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. அதையும் யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை.

"அந்த நேரத்துலயும் மிரட்டினான், ஆசான். 'அண்ணே, இன்னைக்கு உங்க பூட்டை யாரு பூட்டினது?'ன்னு கேட்டான். அவன் போன பிறகும் ரெண்டு பேர் செத்துட்டாங்க. அப்ப இன்னும் ஆள் இருக்குன்னுதானே?"

மடித்த தாள் ஒன்றை நீட்டினார். பத்தொன்பது பெயர். காவல் மாறும் சங்கு ஊதியதும் பத்தொன்பது பேரையும் வெளியே தள்ளுவதாக இருந்தது. அதில் யார் யார் குற்றமில்லாதவர் என்று ஆசான் சொன்னால் அந்தப் பெயரை அடித்துவிடத் தயார் என்றார்.

அங்கவை நிதானமாகப் படித்தார். பத்தொன்பதாவது பெயர் அவருடையது.

"என்னைக் கடைசியில வெச்சிருக்கீங்க. அதுவரைக்கும் கதவைச் சாத்த ஆள் வேணும்னா?"

உடுப்பறைக்குக் கீரன் ஆட்களும் வருகிறார்கள், அதனால் சேர்த்திருந்தார் நெடுங்கோ. நெற்றியை அழுத்திக்கொண்டார்.

"தலை வலிக்குதா?"

"வெளியே போயிட்டு வர்ற நாளெல்லாம் வலிக்குது. வயசாகுது."

அங்கவை எழுந்தார். "வெளியே ஒரு வேலை இருக்கு. கூட வாங்க. உங்க உடுப்பைக் கொண்டுவரச் சொல்லுங்க."

காவலர் உடுப்பைக் கொண்டுவந்தார். கூடவே முழ நீளத்தில், நுனி வளைந்த கம்பி ஒன்றும் வந்தது. அங்கவை அதை இதற்கு முன் பார்த்ததில்லை.

"துறட்டி" என்றார் நெடுங்கோ. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "நானே செஞ்சது. எவன் கையும் இனி என் கழுத்துக்குப் பின்னால வரவேண்டாம். என் ஆட்கள் எல்லாருக்கும் ஒண்ணு குடுத்திருக்கேன்."

தலையணியை மாட்டினார். துறட்டியைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டுத் துழாவி, பூட்டின் காதில் மாட்டி இழுத்தார்.

டக்.

அங்கவை அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு தன் தலையணியை மாட்டிக்கொண்டு, நெடுங்கோவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"பூட்டுங்க."

"நானா?"

"பட்டியல்ல பேரு இருக்கறவளுக்குப் பூட்டக்கூடாதா?"

நெடுங்கோ கை வைத்தார். இரண்டு மாதமாக யாருக்கும் பூட்டவில்லை. ஆனாலும் பழகிய விரல்கள் யோசிக்கவில்லை. அழுத்தி, அரைத் திருப்பு.

டக்.

விரல் அங்கே நிற்கவில்லை. மறுபடி அழுத்தி, இன்னொரு அரைத் திருப்பு.

டக்.

கை தானாகவே அங்கவையின் தோளில் இரண்டு தட்டு தட்டியது.

தட்டிய கை தோளிலேயே நின்றுவிட்டது.

அங்கவை அந்தக் கையை மெல்ல எடுத்துக் கீழே விட்டார். நெடுங்கோவுக்குப் பின்னால் போய், அவர் பின்கழுத்தில் விரலை வைத்து அழுத்தித் திருப்பினார்.

டக்.

தலையணிக்குள் அந்த இரண்டாவது சத்தம் பெரிதாகக் கேட்டது. இரண்டு மாதமாக அவர் கேட்காத சத்தம். அதற்கு முன் பதினெட்டு வருடம் ஒவ்வொரு நாளும் கேட்டது.

தோளில் இரண்டு தட்டு விழுந்தது.

சங்கு ஊதியது. காதுக்குள் காவலரின் குரல் கேட்டது. "தளபதி, பதினெட்டு பேரும் வந்தாச்சு. கதவுகிட்ட நிக்கறாங்க. என்ன செய்ய?"

நெடுங்கோ கதவுப் பக்கம் திரும்பினார்.

"திருப்பி அனுப்பு. நம்ம ஆட்கள்கிட்ட இருக்கற துறட்டி ஒண்ணு விடாம வாங்கிட்டு வா."

உடுப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். தலையணிக்குள் கண்ணீரைத் துடைக்க வழியில்லை.

அங்கவை அவர் எதிரே உட்கார்ந்தார்.

"யாரு பூட்டினதுன்னு பொழிலன் கேட்டாரே. நீங்க என்ன சொன்னீங்க?"

"வெளிக்கதவைத் திறன்னு சொன்னேன்."