நிறைந்திருந்த அரிசிப் பானை

பூங்கோட்டை மன்னரின் சபையில் நான் விகடகவி. அம்பலக்கூத்தன் என்றாலே அறிவு என்பார்கள். சாப்பாட்டு வேளை நெருங்கினால் அந்த அறிவு வயிற்றுக்கு இறங்கிவிடும் என்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. வீட்டில் அரிசி இல்லாதவர்களுக்குக் களஞ்சியத்திலிருந்து கொடுக்கும்படி மன்னர் உத்தரவிட்டார். ஒருநாள் மதியம், சபை கலையும் நேரம். களஞ்சிய அதிகாரி நாகலிங்கம், பேச்சியாயி என்ற கூலிக்காரியை இழுத்து வந்தார்.

"மன்னா, இவள் அரிசி இல்லையென்று வாங்கிப் போனவள். நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் சோதிக்கப் போனேன். 'வீட்டில் அரிசி இருக்கா?' என்றால், 'நிறைஞ்சிருக்கு' என்கிறாள்! இனி இவளுக்கு அரிசி கிடையாது. அபராதமாக இவள் ஆட்டையும் பிடிக்க வேண்டும்."

பேச்சியாயி அழுதாள். "பானை காலிங்க சாமி. விளக்கு வெக்கிற நேரத்துல வாயால இல்லேன்னு எப்படிச் சொல்றது? எல்லாரும் சொல்ற மாதிரிதான் சொன்னேன். அந்த ஆட்டுப்பால்தான் எம்புள்ளைக்கு உசுருங்க."

"ஊர் வழக்கம்தானே நாகலிங்கம் அது?" என்றார் மன்னர்.

"வஞ்சகம் இல்லையென்றே வைத்துக்கொள்வோம் மன்னா. அஜாக்கிரதை உண்டே! அரசாங்கத்திடம் பேசும்போது சொல்லுக்கு நேர் அர்த்தம்தான் செல்லும். மாற்றிச் சொன்னால் தண்டனை."

மன்னர் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். சத்தியமாக ஒன்றும் தோன்றவில்லை. சமையல்கட்டிலிருந்து வத்தக்குழம்பு வாசனை வேறு. தலையைச் சொறிந்தேன், அங்கே முடியும் இல்லை, யோசனையும் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நான் தலை சொறிந்ததில் நாகலிங்கத்துக்கு ஏக சந்தோஷம். "அப்படியானால் ஆட்டைப் பிடிக்க ஆள் அனுப்புகிறேன். நான் வருகிறேன் மன்னா" என்று கும்பிட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

"காவலர்களே, பிடியுங்கள் அவரை!" என்று கத்தினேன். என் சத்தத்தில் நானே பயந்துபோனேன்.

"என்ன ஆயிற்று அம்பலக்கூத்தா?"

"வருகிறேன் என்றார் மன்னா. போகிறார்! உங்கள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, உங்கள் முகத்துக்கு நேரே மாற்றிச் சொல்கிறார். இவர் வீட்டில் ஆடு இருக்கிறதா என்று விசாரியுங்கள்."

நாகலிங்கம் திணறினார். "மன்னர் முன்னால் 'போகிறேன்' என்பது அபசகுனம் ஆயிற்றே!"

"அவள் வீட்டிலும் அதே அபசகுனம்தான் ஐயா."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். பேச்சியாயியின் ஆடு தப்பியது. ஒரு மூட்டை அரிசியை நாகலிங்கமே சுமந்துபோய் அவள் பானையை நிரப்ப வேண்டும் என்று உத்தரவாயிற்று.

"கெட்டிக்காரனடா நீ! என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார் மன்னர்.

பட்டு, பொன், ஒரு கறவை மாடு என்று மனசு கணக்குப் போட்டது. ஆனால் கேட்ட உடனே கையை நீட்டினால் நன்றாகவா இருக்கும்? "எனக்கு எதற்கு மன்னா? ஒன்றும் வேண்டாம்" என்று நெளிந்தேன். இன்னும் இரண்டு தரம் வற்புறுத்துவார் என்று காத்திருந்தேன்.

"சரி" என்று மன்னர் சாப்பிடப் போய்விட்டார்.