இச்சி மரத்தின் மூக்கு

அந்தக் காலத்தில் மரங்களுக்கெல்லாம் வாய் இருந்தது. இருந்தது என்றால் சும்மா இல்லை, ஓயாத வாய். முருங்கை ஊர் வம்பு பேசும். புளி எதற்கெடுத்தாலும் குறை சொல்லும். தென்னை உயரத்தில் நின்றுகொண்டு, யார் வீட்டு அடுப்பு புகைகிறது, யார் மாடு யார் வயலில் மேய்கிறது என்று கீழே இருப்பவர்களுக்கு உரக்கச் சொல்லும். மனிதர்களும் போகிற வருகிற வழியில் நின்று பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். மரத்தோடு பேசிக்கொண்டு நின்றதில் சோறு தீய்ந்துபோன வீடுகள் எத்தனையோ.

அப்போது ஒரு கரிசல் காட்டில் ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளும் அவள் புருஷன் சங்கிலியும் மிளகாய்த் தோட்டம் போட்டிருந்தார்கள். தோட்டத்துக்கு நடுவே ஒரு கிணறு. சுற்று வட்டாரத்தில் தோண்டிய கிணறெல்லாம் உப்பு, இது ஒன்றுதான் நல்ல தண்ணீர். அடியிலிருந்து விளிம்பு வரைக்கும் கல்லடுக்கிக் கட்டியது. அது இருக்கிறவரைக்கும் மிளகாய் உண்டு, மாடு உண்டு, அடுப்பில் உலை உண்டு. அது போய்விட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஒச்சாயிக்கு அந்தக் கிணறு என்றால் உயிர். புருஷனைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்லுவாள், அதுவும் அவன் காதுபடவே.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. கிணற்றடிக்கு வந்து தண்ணீர் என்று கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்வதில்லை. வழிப்போக்கன் கேட்டாலும் கொடுப்பார்கள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி கேட்டாலும் கொடுப்பார்கள். ஒரு கோடையில் கோழி திருடுகிற நரியே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து கேட்டது. ஒச்சாயி வாய் நிறையத் திட்டிக்கொண்டே ஊற்றினாள்.

ஒரு நாள் மைனா ஒன்று எங்கேயோ ஆலமரத்துக்குத் தம்பி மாதிரியான இச்சி மரத்தின் பழத்தைத் தின்றுவிட்டு வந்து கிணற்று விளிம்பில் உட்கார்ந்து எச்சமிட்டது. அதில் இருந்த விதை விளிம்புக்கு ஒரு முழம் கீழே கல்லிடுக்கில் விழுந்தது. மழை பெய்ததும் இரண்டு இலை விட்டது. தண்ணீர் இறைக்க வந்த ஒச்சாயி அதைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

"ஆத்தா, புடுங்கிராத" என்றது அது, ஈனக் குரலில். "எனக்கு வெரக்கடை எடம் போதும். ஒரு வாய் தண்ணி மட்டும் ஊத்து."

தண்ணீர் என்று கேட்டுவிட்டதே. ஒச்சாயியின் கை அப்படியே நின்றுவிட்டது. வாளியிலிருந்து ஒரு கை அள்ளி ஊற்றினாள். மறுநாளும் கேட்டது, மறுநாளும் ஊற்றினாள். பிறகு கேட்காமலேயே ஊற்றுகிற வழக்கமாகிவிட்டது. ஆத்தா, ஆத்தா என்று அது கூப்பிடுகிற அழகில் அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற முருங்கை மட்டும், இச்சிக்குக் கல் என்றால் கொள்ளை ஆசை, பார்த்துக்கொள் என்று ஒரு தரம் சொன்னது. முருங்கை பேச்சை யார் எடுத்துக்கொள்கிறார்கள்?

இரண்டு வருஷம் போனது. விரற்கடை கேட்ட செடி ஆள் உயரம் நின்றது. அதன் வேர் கைத்தண்டை பருமனில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நுழைந்து இறங்கியது. ஒரு காலையில் சங்கிலி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது தலையளவு கல் ஒன்று சுவரிலிருந்து பிதுங்கி, அவன் வாளிக்கு ஒரு சாண் தள்ளி டமார் என்று தண்ணீரில் விழுந்தது. அவன் கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தான். எட்டிப் பார்த்தபோது சுவரில் அந்தப் பக்கமே வயிறு தள்ளிக்கொண்டு நின்றது.

அன்றைக்கே சங்கிலி அரிவாளை எடுத்து மரத்தை வெட்டினான். அடிக்கட்டை மட்டும் கல்லிடுக்கில் மிஞ்சியது. தொலைந்தது சனியன் என்று இரண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். பத்தாவது நாள் பார்த்தால் ஒன்று இருந்த இடத்தில் மூன்று கிளை. அதையும் வெட்டினான். அடுத்த பத்தாவது நாள் ஏழு. சாம்பலைக் கொட்டினார்கள், தின்று தீர்த்தது. வைக்கோலைத் திணித்துக் கொளுத்தினார்கள், சூட்டில் கல்தான் விரிந்தது. கட்டையோ கருகிய வாயால் சிரித்தது. இப்போது அது ஆத்தா என்று கூப்பிடுவதில்லை. ஏ ஒச்சாயி என்று பேர் சொல்லித்தான் கூப்பிட்டது.

ஒச்சாயிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒவ்வொரு நாளும் ஊற்றிய தண்ணீரை நினைத்தால் வயிறு எரிந்தது. மிளகாயோ அப்போதுதான் பூ வைத்திருந்தது. இன்னும் நாலு கல் பெயர்ந்தால் சுவர் மொத்தமும் உள்ளே சரிந்துவிடும், ஐப்பசி மழை வரைக்கும் தாங்காது. சங்கிலி வண்டிக்கு அச்சாணி தேட ஆரம்பித்துவிட்டான். ஊரை விட்டுக் கிளம்பத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியாக அவள் தானே கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்து கட்டையிடம் நயந்து பேசினாள். உனக்கு வேறு நல்ல இடம் பார்த்துத் தருகிறேன், வரப்போரம் தருகிறேன், கிணற்றை மட்டும் விட்டுவிடு என்றாள். இச்சிக்கு ஒரே கொண்டாட்டம். தலையை வெட்டினால் செத்துப்போவேன் என்று நினைத்தீர்களாக்கும் என்று கேலி செய்தது. பேச ஆள் கிடைத்ததும் அதன் வாய் நிற்கவே இல்லை.

"என் உசுரு தலையிலயா இருக்கு? மூக்குல இருக்கு, ஒச்சாயி. இந்தக் கட்டையோட நடு நெஞ்சுலதான் என் மூக்கு. ஏழாள் ஆழத்துல தண்ணி கெடந்தாலும் மோந்து பாத்து வேருக்குச் சொல்லிருவேன். வேரு குடிக்கும், நான் தழைப்பேன். நீங்க வெட்டிக்கிட்டே கெடங்க."

இச்சிக்கு அதுவும் போதவில்லை. அவளை அதட்டிப் பார்க்கவும் ஆசை வந்துவிட்டது.

"இன்னொன்னு. போன வெள்ளிக்கெழம ஒரு சட்டியக் கொண்டாந்து எம்மேல கழுவி ஊத்துன பாரு, அந்த வாடை ஆகாது எனக்கு. ரெண்டு நாளா தண்ணி எந்தப் பக்கம் இருக்குன்னே பிடிபடல. இனிமே அத இங்க கழுவாத."

வெள்ளிக்கிழமை கழுவியது பருப்புச்சட்டி. அன்றைக்குச் சங்கிலிக்கு வாய்க்கு ருசியாக இருக்கட்டுமே என்று பெருங்காயம் தூக்கலாகப் போட்டுத் தாளித்திருந்தாள். அந்த இரண்டு நாளும் கட்டையின் துளிர் வாடிக் கிடந்தது அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. சரி, இனிமேல் கழுவவில்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டு, பத்தடி மெதுவாக நடந்தாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள் பாருங்கள், அவள் ஓடிய ஓட்டத்தில் களத்துக் கோழியெல்லாம் கூரை ஏறிக்கொண்டன.

வீட்டில் ஒரு மரச்செப்பில் முஷ்டியளவு கட்டிப் பெருங்காயம் இருந்தது. அவள் அண்ணன் சீரோடு கொடுத்து அனுப்பியது. எந்தத் தேசத்திலிருந்தோ மலை தாண்டி வருகிற சரக்கு, அந்தப் பக்கத்தில் வேறு எவர் வீட்டிலும் கிடையாது. கத்தி முனையால் கடுகளவு கீறி எடுத்துத்தான் நாலு வருஷமாகப் புழங்குகிறாள். இப்போது அந்தக் கட்டியை அப்படியே எடுத்து உரலில் போட்டாள்.

சங்கிலி ஓடி வந்தான். அவனுக்குப் பெருங்காயம் இல்லாமல் பருப்பு இறங்காது, ரசம் இறங்காது.

"ஏ புள்ள, கிறுக்குப் பிடிச்சுருச்சா? அம்புட்டையும் இடிக்கிற? நாளைக்கு ரசத்துக்கு என்ன செய்வ?"

"கெணறு போச்சுன்னா ரசத்துக்குத் தண்ணிக்கு என்ன செய்வ, மாமா? உளியை எடுத்துக்கிட்டு வா."

உச்சி வெயிலில் இருவரும் கிணற்றடிக்கு வந்தார்கள். சங்கிலி ஏழு கிளையையும் வெட்டித் தள்ளினான். இச்சி வழக்கம்போலச் சிரித்தது. அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, கட்டையின் நடுவில் உளியை வைத்து அடித்தான். இச்சி சிரிப்பை நிறுத்தியது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டது. ஒரு சாண் ஆழத்துக்குத் துளை விழுந்ததும் ஒச்சாயி குனிந்து, இடித்த பெருங்காயம் அத்தனையையும் அதில் கொட்டி, விரலால் குத்திக் குத்தித் திணித்தாள். வாடை வெளியே போய்விடக் கூடாதே என்று களிமண்ணைக் குழைத்து மேலே அப்பி மூடினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டைக்குள்ளே ஒரு தும்மல். அடுத்து இன்னொன்று. மூன்றாவது தும்மலில் கிணற்றுச் சுவரே அதிர்ந்தது, சங்கிலி கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்து விழுந்தான். வந்த வேகத்தில் பார்த்தால் தரை நகர்கிறது! இச்சியின் வேர்கள் வழி தெரியாமல் மண்ணுக்கடியில் ஓட ஆரம்பித்திருந்தன. போகிற தடமெல்லாம் மண் வரப்பு மாதிரி எழும்பியது.

தென்னைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மேலே நின்று கத்தியது. ஒரு வேர் கிணற்றை விட்டுப் பாறைக்காட்டுப் பக்கம் போகிறது என்றது. இன்னொன்று மாட்டுத் தொட்டியை ஒட்டியே போய், தொட்டி நிறையத் தண்ணீர் இருப்பது தெரியாமல் தாண்டிப் போகிறது என்றது. ஒன்று அடுப்புச் சாம்பலில் போய் முட்டி நிற்கிறது என்றது. முருங்கையும் புளியும் எட்டி எட்டிப் பார்த்தன. சங்கிலி வலது பக்கம் ஓடினான், இடது பக்கம் ஓடினான், எந்த வேர் முளைத்து எழுந்தாலும் மிதிப்பதற்குத் தயாராக. சுவரோ அசையாமல் நின்றது. தண்ணீரைத் தேடி உள்ளே நெருக்கிய வேரெல்லாம் பிடியை விட்டுவிட்டன. ஒச்சாயி சந்தோஷத்தில் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குரல் கேட்டது. இரண்டு இலையாக இருந்தபோது கேட்ட அதே ஈனக் குரல்.

"ஆத்தா, தண்ணி எங்க இருக்கு? ஒரு வாய் ஊத்து ஆத்தா."

அதற்கு நேர் கீழே, இரண்டு ஆள் ஆழத்தில், கிணறு நிறையத் தண்ணீர் பளபளத்துக்கொண்டிருந்தது.

ஒச்சாயியின் சிரிப்பு அடங்கிவிட்டது. கிணற்றடியில் கேட்டவருக்கு அவள் இதுவரை இல்லை என்று சொன்னதில்லை. வேண்டாம் புள்ள, மறுபடியும் தழைத்துவிடும் என்று சங்கிலி தடுத்துப் பார்த்தான். ஒரு வாளி இறைத்தாள். குனிந்து, கட்டையின் மேல் மெதுவாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினாள். தண்ணீர் கட்டையை நனைத்து, வேரை நனைத்து, வழிந்து கிணற்றிலேயே விழுந்தது.

"எப்ப ஆத்தா ஊத்துவ?" என்று கேட்டது இச்சி.

அவள் இன்னொரு வாளி ஊற்றினாள். இன்னும் ஒன்று ஊற்றினாள். அது கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஏழு நாள் அவள் விடாமல் வந்து ஊற்றினாள், ஏழு நாளும் அது தாகமாகவே இருந்தது. எட்டாவது நாள் அவள் வாளியோடு வந்து நின்றபோது ஒன்றும் கேட்கவில்லை. கட்டை காய்ந்து, பட்டை உரிந்து, தொட்டதும் உதிர்ந்தது. கிணறு பிழைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு ஒச்சாயி கொஞ்சம் அழவும் செய்தாள்.

இதையெல்லாம் சுற்றி நின்ற மரங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. இச்சி எதனால் செத்தது என்று அவற்றுக்குத் தெரியும். அரிவாளால் இல்லை, நெருப்பாலும் இல்லை. தன் மூக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு மனுஷியிடம் வாயை விட்டதால் செத்தது. எட்டாம் நாள் காலையில் தென்னை வழக்கம்போல, மேலத்தெருவில் யார் வீட்டு மாடு என்று ஆரம்பித்து, கீழே நின்ற ஒச்சாயியைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டது. அவள் அண்ணாந்து, அப்புறம் என்ன, சொல்லு என்றாள். தென்னை சொல்லவில்லை. முருங்கையிடம் போய்க் கேட்டாள். அந்த வம்புக்கார மரமும் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு இலையைத் தாழ்த்திக்கொண்டது.

அன்று முதல்தான், வெட்ட வெட்டத் துளிர்க்கிற கட்டையில் துளை போட்டுப் பெருங்காயத்தை வைத்துக் களிமண்ணால் மூடுகிற வழக்கம் வந்தது. அன்று முதல்தான், எந்த மரமும் எந்த மனிதரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.