வழி சொல்லும் குரல் ஏன் திட்டுவதில்லை

அந்தக் காலத்தில் ஆடுமாடும் மீனும் பேசின. கைப்பேசிக்குள் இருந்த செயலிகளும் மனதில் பட்டதையெல்லாம் பேசின. மழை சொல்லும் செயலி, நனைந்து வீடு திரும்பியவரிடம், "நேத்தே சொன்னேனே, குடை எங்கே?" என்று கேட்கும். ரயிலுக்கு இடம் பிடித்துத் தரும் செயலி, "ஜன்னலோரம் வேணும்னா விடியறதுக்குள்ள எழுந்திருக்கணும்" என்று குத்திக்காட்டும். எல்லாவற்றிலும் கோபக்காரி வழி சொல்லும் குரல்தான். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் போதும், மன்னிப்புக் கேட்கும்வரை அடுத்த திருப்பத்தைச் சொல்லாது.

மாரிக்கொழுந்து லோடு ஆட்டோ ஓட்டுகிறவள். ஒருநாள் காலை, மீன் பண்ணையிலிருந்து கெண்டைக் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். தண்ணீரும் காற்றும் அடைத்துக் கட்டிய நான்கு பெரிய பைகள். அந்தக் காற்று உச்சிவேளை வரைதான் தாங்கும். அதற்குள் ஏழு ஊர் தாண்டி, மருதையன் என்பவரின் குளத்தில் குஞ்சுகளை விட்டாக வேண்டும்.

"இடது பக்கம் திரும்பு. வாய்க்கால் பாலத்துல ஏறு" என்றது குரல்.

வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீரில் கிடந்த எருமை தலையைத் தூக்கியது. "அந்தப் பக்கம் போகாதே தாயி. நேத்துப் பெஞ்ச மழையில பாலம் போயிடுச்சு."

மாரிக்கொழுந்து வண்டியை வலப்பக்கம் ஒடித்தாள்.

"நான் என்ன சொன்னேன், நீ என்ன செய்யறே?" என்று சீறியது குரல்.

"பாலம் இல்லையாம்."

"யார் சொன்னது?"

"எருமை."

"எருமையா! வானத்துலேர்ந்து பார்த்து வரைஞ்ச படம் என்கிட்ட இருக்கு. அதுல பாலம் கல்லு மாதிரி நிக்குது. திரும்பு. திரும்பிட்டு மன்னிப்புக் கேளு."

"செய்யாத தப்புக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

"அப்படின்னா எருமைகிட்டயே வழி கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுக் குரல் வாயை மூடிக்கொண்டது.

மாரிக்கொழுந்துக்கும் ரோஷம். ஓட்டினாள். கோரைப்புல் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு நின்றது. வண்டித்தடம் இரண்டாகப் பிரிந்தது, பிறகு மூன்றாக. ஒரே உடைந்த மதகை இரண்டு முறை பார்த்துவிட்டாள். கேட்க ஒரு மனிதரும் இல்லை. வெயில் தலைக்கு நேரே ஏறிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து மெல்லிய குரல்கள் வந்தன. "அக்கா, காத்து கம்மியாகுதுக்கா."

'வீம்புக்கு ஓட்டி இதுங்களைக் கொன்னுட்டேனோ?' என்று நினைத்தபடியே கடைசியாக ஒரு தடத்தில் திரும்பினாள். அது அவளை மறுபடியும் வாய்க்கால் கரையில் கொண்டுவந்து விட்டது. எதிரே அந்தப் பாலம் இருந்த இடம்.

வண்டியை நிறுத்தி இறங்கினாள். கைப்பேசியை எடுத்து, அதன் கண் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தாள்.

வழி சொல்லும் குரல் அதுவரை எந்தச் சாலையையும் தரையில் நின்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தது. இரண்டு மொட்டைத் தூண்கள். நடுவே செம்மண் நிறத்தில் சுழித்தோடும் வெள்ளம். ஒரு தூணின்மேல் மீன்கொத்தி உட்கார்ந்து இறகு உலர்த்திக்கொண்டிருந்தது.

"நான் சொன்னபடி நீ போயிருந்தா..." என்றது குரல்.

"எல்லாரும் தண்ணிக்குள்ள."

"நாங்க பொழைச்சிருப்போம்" என்றது பைக்குள்ளிருந்து ஒரு குஞ்சு. மாரிக்கொழுந்துக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"இப்ப நாம எங்கே நிக்கிறோம்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். இங்கேருந்தே தொடங்கலாம். கரையோரமாவே நேரா போ. புளியமரத்துக்கிட்ட வலது பக்கம்."

புளியமரத்தடியில் வலப்பக்கத் தடத்தை அடைத்துக்கொண்டு ஆட்டுமந்தை படுத்திருந்தது. அவள் வேறு வழியில்லாமல் இடப்பக்கம் திரும்பினாள். திட்டு விழப்போகிறது என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டாள். குரல் ஒரு கணம் பேசாமல் இருந்தது. பிறகு, "சரி. அடுத்த சந்துல வலது பக்கம்" என்றது.

"திட்டலையா?"

"நீ எதைப் பார்த்துத் திரும்பினியோ, எனக்கு எப்படித் தெரியும்?"

உச்சிவேளைக்குக் குளக்கரை வந்துவிட்டது. மருதையன் ஓடிவந்து பைகளை இறக்கிக் குளத்தில் அவிழ்த்துவிட்டார். பத்துப் பதினைந்து குஞ்சுகள் செத்து மிதந்தன. மற்றவை ஒரு வெள்ளிக்கோடாக நழுவி ஆழத்துக்குள் மறைந்தன. மாரிக்கொழுந்து ஈரக் கையோடு கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எத்தனை முறை நாம் தப்பாகத் திரும்பினாலும், ஏன் என்று கேட்காமல், நிற்கிற இடத்திலிருந்தே வழி சொல்லும் குரலின் வழக்கம் அன்றைக்குத்தான் பிறந்தது. சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் அது பேசாமல் இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? அது கோபமில்லை. அந்த இரண்டு தூண்களையும் நினைத்துக்கொள்கிறது.