வேணி மோந்து பார்த்தாள்

“இவளுக்கு என்னைப் பிடிக்கவே இல்ல, அக்கா” என்று வந்து நின்றான் கேத்தன்.

இவள் என்றது வேணியை. காட்டு முகாமில் இருக்கும் பெண் யானை. அக்கா என்றது மாதியை. வேணிக்குப் பாகன் அவள்தான். பேச்சு ரொம்பக் கம்மி. ஒரு வார்த்தை கூடச் செலவானால் நஷ்டம் என்று நினைக்கிற ரகம்.

கேத்தன் அவளுக்கு உதவியாக வந்தவன். பத்தொன்பது வயசு. உருட்டி வைத்த கேழ்வரகுக் கவளத்தை அவன் கையிலிருந்து வேணி வாங்கிச் சாப்பிட்டால் வேலை அவனுக்கு. வாங்காவிட்டால் பழையபடி எஸ்டேட்டில் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். இன்றைக்குச் சாயங்காலம் ரேஞ்சர் வந்து பார்க்கப் போகிறார். அம்மாவோ, மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று இப்போதே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

தினமும் நடப்பது இதுதான். வேணியிடம் போகும் முன்னால் மூங்கில் புதருக்குப் பின்னால் ஒதுங்கி ஒரு பீடி. அதை இழுத்தால்தான் கை நடுக்கம் நிற்கும், நெஞ்சு அடங்கும். அப்புறம் வீராப்பாகக் கவளத்தை நீட்டுவான்.

வேணி துதிக்கையை அவன் வாய்ப்பக்கம் கொண்டுவருவாள். மோந்து பார்ப்பாள். திரும்பி, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

“நான் என்னதான் தப்பு பண்றேன்?”

மாதி கையை நீட்டினாள்.

அவனுக்குப் புரிந்தது. பீடிக்கட்டை எடுத்துக் கொடுத்தான். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள்.

கேத்தன் அவள் பின்னாலேயே ஓடினான். இருப்பதே ஒரு பகல். அதிலும் கையிலிருந்த ஒரே துணையைப் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

அவன் கை சட்டைப்பைக்குப் போகும்போதெல்லாம் அவள் ஒரு வேலை வைத்தாள். புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினான். ஆற்றில் முங்கி எழுந்தான், பல் கிடுகிடுத்தது. பிறகு பாறையில் உட்காரவைத்து, பயமா இருக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றான். எதுக்கு என்றாள். அம்மாவைப் பற்றி, மூட்டைகளைப் பற்றி, வேணி காலால் மிதித்துவிடுவாளோ என்ற பயத்தைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். அதுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ரேஞ்சர் வந்து ஓரமாக நின்றார்.

கவளம் பிடித்த கை வெடவெடவென்று நடுங்கியது. ஒரே ஒரு பீடி என்று கண்ணாலேயே கெஞ்சினான். மாதி உதட்டைக் குவித்து, மெல்ல ஊதிக் காட்டினாள்.

வேணி வந்தாள். மலையே எழுந்து வருகிற மாதிரி இருந்தது. துதிக்கை அவன் வாயருகே நின்றது.

அவன் ஊதினான்.

அவள் இழுத்தாள். அடேயப்பா, என்ன இழுப்பு! அவன் மூச்சு மொத்தமும் அவளுக்குள் போனது. வாயை விட்டுக் கழுத்துக்குப் போனாள். நெஞ்சுக்கு இறங்கினாள். அது தடதடக்கிற இடத்தில் ஈர நுனியை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

பிறகு விட்டாள். சூடாக, பச்சைப் புல் வாசனையோடு, அவன் முகம் முழுக்க.

அது முடியும்வரை அவன் காத்திருந்தான். அவள் இழுக்கும்போது அவனும் இழுத்தான். அவள் விடும்போது அவனும் விட்டான். இத்தனை பெரிய உடம்பு இத்தனை மெதுவாக மூச்சு விடும் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. ஆற்றுச் சத்தம் எங்கே போனது, ரேஞ்சர் எங்கே போனார், ஒன்றும் தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

கவளத்தை அவள் எப்போது எடுத்தாள் என்பதும் தெரியவில்லை. உள்ளங்கை காலியாக இருந்தது.

ரேஞ்சர் தலையாட்டிவிட்டுப் போனார். கேத்தன் மாதியிடம் ஓடிவந்து விரல்களை விரித்துக் காட்டினான்.

“அக்கா, இன்னும் நடுங்குது. பயம் போகவே இல்ல.”

“அதையும் சேத்துத்தான் அவ மோந்து பாத்தா” என்றாள் மாதி. “போயிட்டாளா?”